அட்டையில் எழுதாத வரி

லோகேஸ்வரிக்கு அட்டைக் காசோலை பிடிக்கத் தெரியும். கதவளவு இருக்கும் அந்த அட்டையை முகம் மறையாமல் பிடித்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் சுங்கைப் பட்டாணியில் ஒரு வர்த்தகர் சங்க மேடையில் அப்படித்தான் சிரித்தாள். பிசியோதெரபி டிப்ளோமாவுக்கு எட்டாயிரம் ரிங்கிட். படம் பேப்பரில் வந்தது. அப்பா தயாளன் அதை வெட்டி, பக்கத்து ஊரான திகாம் பத்துவில் தன் மளிகைக் கடைக் கல்லாவுக்கு மேலே ஒட்டினார்.

வினையே அந்தப் படம்தான். பார்த்தவர்கள் எல்லாரும் மூன்று வருடப் படிப்பும் சங்கத்தின் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். தயாளனும் அப்படித்தான் நினைத்தார். இரண்டாம் வருடத்துக்கு மனுப் போட்டபோது, உதவி புது மாணவர்களுக்கு மட்டுமே என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அவள் மார்க் ஒன்றும் குறையவில்லை. கல்லூரி ஒரு வருடம் இடத்தை வைத்திருக்க ஒப்புக்கொண்டது. லோகேஸ்வரி கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள்.

"என்ன லோகா, லீவா?" என்று கேட்பார் பக்கத்து வீட்டுத் தேவகி.

"ஆமாக்கா, லீவுதான்."

பதினொரு மாத லீவை எந்தக் கல்லூரி கொடுக்கிறதோ, அந்தம்மாவும் அதைக் கேட்கவில்லை.

அவள் ஏங்கித்தான் போனாள். வகுப்பு மூலையில் நின்ற பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைக்கூட நினைத்து ஏங்கினாள். தொழிற்சாலை பஸ்ஸில் மணிக்கட்டைத் தடவி எலும்புகளின் பெயரை முணுமுணுப்பாள். ஸ்கேஃபாய்ட், லூனேட் என்று எட்டு. இப்போதெல்லாம் ஏழோடு நின்றுவிடுகிறது. எட்டாவதைப் போனில் தேடிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஜூலையில் சங்கத் தலைவர் மெய்யப்பன் கூப்பிட்டார். இந்த வருடப் பிள்ளைக்கு அவள்தான் காசோலையை எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். அவள் படிப்பை விட்டது அவருக்கே தெரியவில்லை.

"போய்ட்டு வா லோகா. நேர்ல பாத்தா மனசு எறங்கிடுவாங்க லா," என்றார் தயாளன். கல்லூரி கொடுத்த கெடு மாதக் கடைசியோடு முடிகிறது. லோகேஸ்வரியும் அந்த ஆசையில்தான் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து. மேடையில் அதே அட்டை. பெயர் மட்டும் புதிதாக ஒட்டியிருந்தார்கள், வாணி என்று. ஓரத்தில், இரண்டு ஒட்டுக்கு அடியிலிருந்து, பழைய 'லோ' எட்டிப் பார்த்தது. அட்டையின் மறுமூலையைப் பிடித்திருந்த வாணி மெல்லக் கேட்டாள், "அக்கா, அடுத்த வருஷமும் இவங்கதானே குடுப்பாங்க?"

லோகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. பேச அழைத்தபோது மைக்கை வாங்கித் தலைவர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, அடுத்த வருஷமும் உண்டான்னு இந்தத் தங்கச்சி கேக்குது. நான் அன்னிக்குக் கேக்கல, மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டேன். இப்ப கூலிம்ல ஃபேக்டரி வேல பாக்குறேன். எனக்குத் திரும்பப் படிக்கணும் ஐயா."

மெய்யப்பன் தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் கமிட்டி வருஷா வருஷம் பேசி முடிவு பண்றதும்மா."

"அப்ப அத அட்டையிலேயே எழுதிருங்க ஐயா."

யாரும் எழுந்திரிக்கவில்லை. பதிவு மேசையிலிருந்த மார்க்கரை எடுத்து, தொகைக்குக் கீழே அவளே எழுதினாள்: 'ஒரு வருடத்துக்கு மட்டும்.' பழக்கதோஷத்தில் கேமராக்காரர் அதையும் படம் பிடித்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துத் தேவகி, அந்தப் படமும் செய்தியும் வந்த பேப்பரோடு கடைக்கு வந்தார். "அப்ப நீ லீவுல இல்லியா லோகா?"

"இல்லக்கா," என்றாள் லோகேஸ்வரி. பதினொரு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. "ஆனா காலேஜ்ல எடம் இருக்குக்கா. இந்த மாசம் முப்பத்தொண்ணு வரைக்கும் இருக்கு."