றொசாந்தி கட்டிவைத்த குரல்

இது நடந்தது. நம்பாதவர்கள் குருநகருக்கு வந்து என்னைக் கேளுங்கள். பெயர் யாகப்பு. அடைக்கலநாதன் முதலாளியின் மீன் குளிரறைக்கு நான்தான் காவல். மெசினை நான் நம்புவதில்லை. மனிதரை அதைவிட நம்புவதில்லை.

குளிரறை வாசலில் பேசுகிற பெட்டி ஒன்று உண்டு. கம்பியூட்டர் படித்த றொசாந்தி செய்தது. உள்ளே ஆள் நிற்கும்போது கதவு சாத்தினால் அவளுடைய குரலிலேயே கத்தும்: "உள்ளை ஆள் நிக்குது! கதவைத் திறவுங்கோ!"

சத்தம் தொல்லை என்று முதலாளி ஒருநாள் வயரை வெட்டினார். அடுத்த கிழமை எனக்கு லீவு. திருத்த வேலைக்குப் போன றொசாந்தி உள்ளே நிற்கும்போதே கதவு பூட்டுப்பட்டது. விடிய எடுத்தார்கள். விறைத்துப் போயிருந்தாள்.

மரண விசாரணையில் முதலாளி, "பெட்டி கத்தேல்லை. அவள் எழுதின புரோகிராம்தான் பிழை" என்றார். வெட்டின வயரைப் பற்றி நான் சொன்னேன். படிக்காதவன் பேச்சு எடுபடவில்லை.

போன மாரியில், பெட்டியிலிருந்து அவளுடைய குரலை நீக்க, கொக்குவிலிலிருந்து பார்த்தீபன் என்ற கம்பியூட்டர்காரர் வந்தார். வயரைப் பொருத்திப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"குரலை மட்டும் அழிக்கேலாது, முதலாளி. தனி ஃபைல் இல்லை. சத்தத்தை இலக்கமாக்கி, சி புரோகிராமுக்குள்ளையே வைச்சுக் கொம்பைல் பண்ணியிருக்கு."

"தமிழிலை சொல்லும்."

"கறியிலை கரைஞ்ச உப்பு மாதிரி."

"அப்ப சட்டியோடை கொட்டும்!"

பார்த்தீபன் பெட்டிக்குள் அந்தப் புரோகிராம் இருந்த அவளுடைய சிப்பைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டார். புதுச் சிப் மாட்டினார். அதில் ஆம்பிளைக் குரல்.

மாலை ஆறு பத்து. மழை இருட்டு. சோதித்துப் பார்க்க முதலாளி உள்ளே போனார். கதவு பூட்டுப்படாமல் நானே கட்டை வைத்தேன்.

கட்டை நகர்ந்தது...

ஒருவரும் தொடவில்லை.

டக்.

கதவு சாத்திக்கொண்டது. பெட்டி பேசியது. ஆம்பிளைக் குரல் இல்லை. றொசாந்தி. மெதுவாக...

"உள்ளை ஒருத்தரும் இல்லை."

பிடியை இழுத்தேன். பார்த்தீபனும் இழுத்தார். அசையவில்லை. முதலாளி என்னவோ கத்தினார். கனத்த கதவு. விளங்கவில்லை.

டம்... டம்...

"உள்ளை ஒருத்தரும் இல்லை."

மெயின் சுவிச்சை நிறுத்தினேன். லைட் போனது. பெட்டி நிற்கவில்லை.

டம்...

"உள்ளை ஒருத்தரும் இல்லை."

பிறகு சத்தமே இல்லை.

ஆறு இருபது. கதவு தானாகத் திறந்தது.

பத்து நிமிடம்தான். முதலாளி ஓர் இரவு முழுக்கக் கிடந்தவர்போல விறைத்திருந்தார்.

மூன்றாம் நாள் பார்த்தீபன் என்னைத் தேடி வந்தார். முகத்தில் இரத்தமில்லை.

"அண்ணை, அந்தப் பழைய சிப்பைத் திறந்து பாத்தனான். அவள் உயிரோடை இருக்கேக்கை கொம்பைல் பண்ணினது. உள்ளுக்குள்ளை ரெண்டு சத்தம் இருக்கு."

"ஒண்டு அவளின்ரை. மற்றது?"

அவர் போனை என் காதில் வைத்தார்.

டம்... டம்...

அடைக்கலநாதன் முதலாளி அழுதுகொண்டிருந்தார்.

"யாகப்பு, திற! வயரை வெட்டினது நான்தான்... நான்தான்..."