ராணியின் வரலாற்றில் நான் மாற்றிய வரி

அவர் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கத்தோலிக்கர். இளவயதில் பாதிரியாராகும் எண்ணத்தில் குருமடத்தில் சேர்ந்து, ஐந்து வருடம் படித்துவிட்டு, வேண்டாமென்று வெளியே வந்துவிட்டார். அங்கே கற்ற இலத்தீன் மட்டும் அவரோடு தங்கிவிட்டது. அந்தக் காலத்துப் பாதிரிமார்கள் தங்கள் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களைப் படித்து வாழ்க்கை வரலாறுகள் எழுதிவந்தார். அறுபதுகளின் நடுவில் காரைக்குடியில் மாதா கோயிலுக்குப் பின்னால் குடியிருந்தார். நான் அப்போது உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர்.

சர்க்கரை நோயால் அவருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. கையெழுத்து கோணிப்போய், அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர்களுக்கு விளங்கவில்லை. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று யாரோ சொல்லி என்னைத் தேடி வந்தார். அவர் எழுதியதை நல்ல பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும்; புரூப் வந்ததும் வாசித்துக் காட்ட வேண்டும். ஒப்புக்கொண்டேன்.

முதலில் பிரதி எடுத்தது, தொழுநோயாளிகளோடு வாழ்ந்து மறைந்த ஒரு கன்னியாஸ்திரீயின் வரலாறு. அந்த அம்மாள் ஒருநாள் கோபத்தில் சமையல்காரியை அறைந்துவிட்டு, மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்ததையும் அதில் எழுதியிருந்தார்.

"இதை எடுத்துடலாமே சார். எவ்வளவு பெரிய மனுஷி!" என்றேன்.

"அறைஞ்சது நெசம் தமிழய்யா. நெசத்த எடுத்துட்டா மிச்சம் நிக்கிறது சுரூபம்தான். அதுக்கு மெழுகுவத்தி ஏத்தலாம், வரலாறு எழுத முடியாது" என்று சிரித்தார்.

அடுத்து அவர் எடுத்துக்கொண்டது, எங்கள் பக்கத்துப் பாளையம் ஒன்றை முன்னொரு காலத்தில் ஆண்ட ராணியின் வாழ்க்கை. கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. எங்கள் முன்னோர் அந்த ராணியின் படையில் இருந்தவர்கள் என்பது வீட்டில் வழிவழியாக வந்த பேச்சு. ஆடிப் படையலில் ராணிக்கும் ஒரு இலை போடுவோம்.

ஆறாவது அத்தியாயத்தில் அந்த இடம் வந்தது. பகைவர் படை நெருங்கியதும், காயம்பட்டுக் கிடந்த வீரர்களை அப்படியே விட்டுவிட்டு, வேலைக்காரியின் சேலையை உடுத்திக்கொண்டு ராணி கோட்டையின் பின்வாசல் வழியாகத் தப்பிப் போனார் என்று எழுதியிருந்தார். அப்போது அங்கிருந்த ஒரு பாதிரியாரின் கடிதம்தான் ஆதாரம்.

பேனா ஓடவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகு, 'ராணி கடைசிவரை வாளேந்தி நின்றார். வீரர்கள் காலில் விழுந்து மன்றாடிய பிறகே கோட்டையை நீங்கினார்' என்று எழுதினேன். புரூப் வந்தபோது இன்னும் மோசமான காரியம் செய்தேன். அச்சில் இருந்த என் வரியைப் பார்த்துக்கொண்டே, அவருடைய வரியை வாய்விட்டு வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், "சரியா இருக்கு, மேல போங்க" என்றார்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டின் முன்னால் பந்தல் போட்டு வெளியீட்டு விழா நடந்தது. பேச வந்த வக்கீல் ஒருவர், கூட்டத்தை உருக்கிவிடும் ஆசையில் சரியாக அந்த வரியை எடுத்து உரக்க வாசித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த அவர் தலையை நிமிர்த்தினார்.

"இன்னொரு தடவ வாசிங்க."

வக்கீல் பூரித்துப்போய் மறுபடியும் வாசித்தார்.

அவர் எழுந்து, மைக்கைத் தடவிப் பிடித்துக்கொண்டார். "இந்த வரிக்கு ஆதாரம் கிடையாது. புத்தகத்துல எப்படி வந்திருந்தாலும் பிழை என்னோடது. ராணி பயந்து தப்பிச்சுப் போனாங்க. அங்க இருந்த பாதிரியார் எழுதுன கடிதத்துல அதுதான் இருக்கு."

பந்தல் கொதித்துப்போனது. "பாதிரி எழுதுன கடுதாசிய வச்சுக்கிட்டு எங்க ராணியக் கோழைங்கிறீகளா?" என்று ஒருவர் கத்தினார். "உங்க சாமியாருகளப் பத்தி இப்படி எழுதுவீகளா?" என்று இன்னொருவர் எழுந்தார். எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல அந்தக் கூட்டத்தில் என்னைவிட்டால் ஆள் கிடையாது. மூன்றாவது வரிசையில் துண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடத்தியவர்கள் அவசரமாக நன்றி சொல்லி முடித்து, அவரைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

நான்கு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். குரலை வைத்தே நான்தான் என்று தெரிந்துகொண்டு, உட்காரச் சொன்னார்.

"ஏன் மாத்துனீக தமிழய்யா?"

"அந்தம்மாவ அப்படி எழுத மனசு வரலை சார்."

"ஏழாவது அத்தியாயமும் நீங்கதான எழுதுனீக? ரெண்டு வருசம் கழிச்சு அந்தம்மா திரும்பி வந்தாங்க. விட்டுட்டுப் போன வீரருங்க வீட்டுக்கெல்லாம் நடந்தே போயி மன்னிப்புக் கேட்டாங்க. அந்த ஒரு எடத்துக்காகத்தான் நான் மூணு வருசம் எழுதுனேன். ஓடவே இல்லைன்னா அவங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?"

அதையும் நான்தான் பிரதி எடுத்திருந்தேன். எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதியவனுக்கு இது உறைக்கவில்லை. "கூட்டத்துல ஏன் சார் என் பேரச் சொல்லலை?" என்றேன்.

"நீங்க எந்திரிப்பீகன்னு இருந்தேன்."

அதற்கு மேல் அவர் ஒரு சுடுசொல்கூடச் சொல்லவில்லை. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். வெளிநாட்டிலிருந்து வந்து நெசவாளர்களிடையே வாழ்ந்த ஒரு பாதிரியாரைப் பற்றிய காகிதங்களை அவர் பத்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்தார். அதற்குப் பிரதி எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் தமிழய்யா. இனிமே யாரு வாசிச்சாலும் எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கும்" என்றார். அந்தப் புத்தகத்தை அவர் எழுதவே இல்லை.

என் வரி மட்டும் நன்றாகப் பிழைத்துக்கொண்டது. எழுபதுகளில் ஒரு பேச்சுப் போட்டிக்கு நடுவராக இருந்தேன். ஒரு மாணவி அதை ஒரு சொல் பிசகாமல் மேடையில் முழங்கினாள். நன்றாகவே பேசினாள். முதல் பரிசை அவளுக்குத்தான் கொடுத்தேன்.

அதற்குள் அவர் திருச்சியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். பார்வை முழுதும் போய்விட்டது என்று கேள்விப்பட்டு, விலாசத்தை வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை புறப்பட்டேன். திருச்சியில் இறங்கி ஒரு காபி குடித்தேன். போய் என்ன சொல்வது என்று யோசித்தபடியே நின்றேன். காரைக்குடி பஸ் எதிரே வந்து நின்றது. ஏறிவிட்டேன்.

மறுவருடம் அவர் இறந்துபோனதை மாதா கோயில் ஊழியர் கடைத்தெருவில் வைத்துச் சொன்னார். அடக்கம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. அந்தப் பாதிரியாரைப் பற்றிய காகிதங்கள் என்ன ஆயின என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மகளுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாம். அதையும் நான் செய்யவில்லை.