சாகாத பொம்மை

அந்தப் பொம்மை சாகாது என்பதை எங்களிடம் யாருமே சொல்லவில்லை. என் கோபம் இன்னமும் அடங்காமல் இருப்பது அதனால்தான்.

நான் காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பா லாஞ்சில் கடலுக்குப் போகிறவர். அம்மா ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவள். நர்சிங் முடித்ததும் திருவொற்றியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. புதிதாகச் சேர்ந்த எங்களை ஒரு வேனில் ஏற்றி, நகரத்தின் தெற்குக் கோடியில் இருந்த பயிற்சி மையத்துக்கு அனுப்பினார்கள்.

நோயாளியே இல்லாத ஆஸ்பத்திரி அது. கட்டில், மானிட்டர், ஆக்சிஜன் எல்லாம் இருந்தன. கட்டிலில் ஒரு ரப்பர் மனிதன் படுத்திருந்தான். கண் சிமிட்டுவான். நெஞ்சு ஏறி இறங்கும். கையைப் பிடித்தால் நாடி துடிக்கும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பயிற்சியாளர் லேப்டாப்போடு உட்கார்ந்து அவனைப் பேசவைப்பார். "சிஸ்டர், ஐ ஹேவ் செஸ்ட் பெயின்" என்பான் பொம்மை. எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "மார அடைக்குதுமா" என்பார்கள்.

பிறகு அவன் இதயம் நிற்கும். நாங்கள் முறைபோட்டு நெஞ்சை அமுக்க வேண்டும். சரியான ஆழத்துக்கு அமுக்கினால் 'டக்' என்று சத்தம் வரும், பச்சை விளக்கு எரியும். கை தளர்ந்தவர்களுக்கு மஞ்சள் எரியும். மஞ்சள் எரிந்தாலும் பயிற்சியாளர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு நாடியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அன்றைக்கு அவனை எல்லாருமே காப்பாற்றினோம். ஒவ்வொரு முறையும் கைதட்டல்.

"யாருக்கெல்லாம் இப்ப கான்ஃபிடன்ஸ் வந்திருக்கு? கை தூக்குங்க" என்றார் கடைசியில். எல்லாரும் தூக்கினோம். தூக்கிய கைகளோடு எங்களைப் படம் பிடித்து, ஆஸ்பத்திரி வரவேற்பறையில் பெரிதாக மாட்டினார்கள். நோயாளிகள் பார்த்து நம்ப வேண்டுமாம்.

திரும்பும் வழியில் அம்மாவுக்கு போன் செய்தேன். "அம்மா, நா ஒரு ஆள பொழைக்க வெச்சிட்டேன்."

"யாரு வூட்டு ஆளுடி?"

"பொம்மைம்மா."

"அடிப்போடி, பொம்மைக்கு உசுரு குடுத்துகினு வர்றியா?" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்புதான் வந்தது.

அடுத்த கோடையில் ஒரு மத்தியானம். நான் கேஷுவாலிட்டியில் இருந்தேன். ஒரு ஷேர் ஆட்டோ வாசல்வரை ஏறி வந்து நின்றது. தண்டையார்பேட்டை குடோனில் மூட்டை தூக்கும் ஒருவரை இரண்டு பேர் தோளில் சாய்த்துத் தூக்கி வந்தார்கள். பின்னாலேயே செருப்பில்லாமல் அவர் மனைவி ஓடி வந்தாள். அவருக்கு நாடி இல்லை. டியூட்டி டாக்டர் வாய்க்குள் குழாய் இறக்கப் போனார். "சிஸ்டர், ஸ்டார்ட்" என்றார் என்னைப் பார்த்து.

ஸ்டூலில் ஏறி நின்று அமுக்க ஆரம்பித்தேன். ரப்பர் இல்லை. வியர்வையில் கை வழுக்கியது. மெத்தை உள்ளே போய்க்கொண்டே இருந்தது. சட்டென்று என் உள்ளங்கைக்குக் கீழே 'கடக்' என்று ஏதோ முறிந்தது. சுள்ளி ஒடிகிற மாதிரி. பச்சை விளக்கு எரியவில்லை. அந்த மனிதனை நான்தான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். கை தன்னால் நின்றுவிட்டது.

"விலா எலும்பும்மா! உடையத்தான் செய்யும், நிறுத்தாத!" என்று டாக்டர் கத்தினார்.

உடையத்தான் செய்யும். வெள்ளை போர்டு, பாடப்படம், ஏசி அறை, கைதட்டல் எல்லாம் வைத்திருந்தவர்களுக்கு இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நேரம் இருக்கவில்லை.

மறுபடி அமுக்கினேன். இன்னும் இரண்டு எலும்பு போனது. கொஞ்ச நேரம் வார்டு பாய் அமுக்கினார், பிறகு மறுபடி நான். அந்த மனிதருக்கு உயிர் திரும்பவில்லை. டாக்டர் இறந்த நேரத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த கட்டிலில் வலிப்பு வந்த குழந்தையிடம் ஓடினார். ஓடும்போதே, "அவங்க வீட்ல சொல்லிடுங்க சிஸ்டர்" என்றார்.

பொம்மைக்கு மனைவி கிடையாது. அதனால் இந்தப் பாடமும் எங்களுக்கு நடக்கவில்லை.

திரைக்கு வெளியே அவள் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள். "இன்னாமா, இம்மா நேரம் அமுக்கிகினு இருந்தியே. உசுரோட கீறாரா?"

"இல்லக்கா" என்றேன்.

"என்னமோ ஒடஞ்ச சத்தம் கேட்டுச்சே. நீதான் ஒடச்சியா?"

"ஆமாக்கா. அமுக்கும்போது எலும்பு ஒடையும். வேற வழி கெடையாது."

கூட வந்தவர்களில் ஒருவர் பாய்ந்து முன்னால் வந்தார். "சின்னப் புள்ளைங்கள வெச்சி எங்க ஆளு மேல டிரெய்னிங் எடுக்குறீங்களா? நாங்க இன்னா பொம்மையா?" அவள் அவரைத் தடுக்கவில்லை. என் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள். பிறகு அதே தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். நானும் அவளோடு உட்கார்ந்தேன்.

அந்த அடிக்காக எனக்கு அவள்மேல் துளிக்கூடக் கோபம் இல்லை. அந்த ஆள் கேட்டதில்தான் எல்லாம் இருந்தது. நாங்கள் பொம்மையோடு விளையாடிவிட்டு, முதல் நிஜப் பாடத்தை அவர்கள் வீட்டு மனிதனின் நெஞ்சில் படித்திருக்கிறோம்.

வருடாந்தரப் பயிற்சிக்கு அதே பயிற்சியாளர் அதே பொம்மையை எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார். அதே நெஞ்சுவலி, அதே ஆங்கிலம், அதே பச்சை விளக்கு. புதிதாகச் சேர்ந்த பெண்கள் அவனைக் காப்பாற்றிவிட்டுக் குதித்தார்கள். அவர் கை தூக்கச் சொன்னபோது நான் தூக்கவில்லை, எழுந்தேன்.

"சார், இந்தப் பொம்மை எப்பவாச்சும் சாவுமா?"

அவர் சிரித்தார். "சாக விடமாட்டோம்மா. செத்துட்டா கத்துக்கிறவங்களுக்கு கான்ஃபிடன்ஸ் போயிடும். முதல்ல தன்னம்பிக்கை, மத்ததெல்லாம் அப்புறம்."

"அப்புறம்னா எப்ப சார்? பேஷன்ட் செத்தப்புறமா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. டியூட்டியில் நான் பேசும் நாசூக்கான தமிழ் எங்கே போனதென்று தெரியவில்லை. "நீங்க குடுத்த கான்ஃபிடன்ஸ வெச்சிகினு நா இன்னா சார் பண்றது? எலும்பு ஒடையும்னு சொன்னீங்களா? அமுக்கினாலும் முக்கால்வாசி பேரு பொழைக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களா? அவரு பொண்டாட்டி வந்து நின்னா இன்னா சொல்லணும்னு சொன்னீங்களா?"

"பொறுமையா பேசுங்க சிஸ்டர்."

"இப்ப சாவ வுடுங்க சார். நாந்தான் அவரு சம்சாரம். நீங்க வந்து என்னான்ட சொல்லுங்க."

ஏன் சம்மதித்தார் என்று தெரியவில்லை. ஒருவேளை அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியாமல் இருக்கலாம். லேப்டாப்பில் ஏதோ தட்டினார். மானிட்டரில் கோடு நேரானது. பொம்மையின் கண் பாதி திறந்தபடி நின்றது. குதித்த பெண்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். அவர் என் எதிரே வந்து நின்று, "வி ட்ரைட் அவர் பெஸ்ட் மேடம்" என்று ஆரம்பித்தார்.

"தமிழ்ல சொல்லு சார். எனக்கு இங்கிலீசு தெரியாது. எங்க வூட்டுக்காரு கீறாரா, இல்லியா?"

"அவர்... எங்களால முடிஞ்சதை..."

"கீறாரா, இல்லியா?"

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் இதைச் சொன்னதே இல்லம்மா" என்றார் மெல்ல. "எங்கேயும் சொன்னதில்ல."

அதைக் கேட்டு எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை. இன்னும் எரிந்தது. நீந்தத் தெரியாதவர் எங்களைக் கடலில் இறக்கிவிட்டுக் கரையில் நின்று கைதட்டியிருக்கிறார்.

மறுநாள் நர்சிங் சூப்பரின்டெண்ட் மேடம் கூப்பிட்டார். வெளியாட்கள் முன்னால் ஆஸ்பத்திரி மானம் போய்விட்டதாம், மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். கேட்க மாட்டேன் என்றேன். ஊசி போடும் அறைக்கு மாற்றினார்கள். மழைக்காலத்தில் ஆள் பற்றாமல் திரும்பவும் கேஷுவாலிட்டிக்கு இழுத்துக்கொண்டார்கள். அதுவும் என்மேல் உள்ள பிரியத்தால் இல்லை.

அந்த மையத்தில் இப்போது பொம்மை ஒருமுறை சாகிறதாம். புதிதாக வந்த ஒரு பெண் சொன்னாள். சாயங்காலம், டீக்கு அப்புறம், விருப்பம் இருப்பவர்கள் மட்டும் இருந்தால் போதுமாம். சாவுக்கு விருப்பம் கேட்கிறார்கள்! அவள் இருந்தாளா என்று கேட்டேன். "இல்லக்கா, பயமா இருந்துச்சு, வேன்ல ஏறிட்டேன்" என்றாள்.

போன வாரம் எண்ணூரிலிருந்து ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். வேன் ஏறிப்போன அந்தப் பெண் ஸ்டூலில் ஏறும் முன்பே நான் சொன்னேன்: "எலும்பு ஒடையும். பயம் வரும். ரெண்டுக்கும் கைய நிறுத்தாத." பிறகு திரையை விலக்கி அவருடைய மகளிடமும் சொன்னேன்.

"ஒடையட்டும்மா. நீங்க அமுக்குங்க" என்றாள் மகள்.

பெரியவர் பிழைக்கவில்லை. மகளிடம் சொல்ல நான் போனபோது அந்தப் பெண்ணும் கூட வந்து நின்றாள். நான் கூப்பிடவில்லை.