அனுஜா கையை ஓங்கினால்

மழைக்குப் பிறகு செயற்கைப் புல்லில் ஒரு ரப்பர் வாசம் எழும்... சப்பாத்துக்குள் கறுப்புத் துகள்கள் நிறைந்துவிடும். வீட்டில் உதறினால் அம்மா கத்துவா.

பல்கலைக்கழகத்தில் நாங்கள், பெண்கள், விளையாடியது ஃபிளாக் ஃபுட்பால். அமெரிக்கன் ஃபுட்பால்தான், ஆனால் ஆளை இடித்து விழுத்துவதில்லை. பந்தோடு ஓடுபவளின் இடுப்பில் தொங்கும் துணிப் பட்டியை எதிரணி பிடுங்கினால் ஓட்டம் நின்றுவிடும்.

பந்தோடு ஓடுவது என் வேலை. பந்தைத் தூர எறிய ஆளில்லை, எங்களிடம் வேறு வித்தை இல்லை என்பது எல்லா அணிகளுக்கும் தெரியும். அத்தனை பேரும் முன்னுக்கு வந்து நெருக்கி நிற்பார்கள். காலெடுத்து வைப்பதற்குள் என் பட்டி அவர்கள் கையில்... அந்த வருடம் நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம்.

அப்போதுதான் அனுஜா வந்தாள். மன்னாரில் பள்ளிக்கூடத்துக்காக ஈட்டி எறிந்தவள். பிரெஞ்சு சரளமாக வராது என்பதால் ஸ்டாலின்கிராட் நிலையத்தில் மெத்ரோ ரயில் ஏறினால் இறங்கும்வரை வாய் திறக்கமாட்டாள். ஆனால் கையில் பந்தைக் கொடுத்தால் உடம்பை வில்லாக வளைத்து மைதானத்தின் மறுகோடிக்கு எறிவாள்!

அவளுடைய முதல் மேட்ச். எடுத்த எடுப்பிலேயே தூர எறிந்தாள். அவ்வளவு தூரம் ஓட எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. பந்து வெறும் புல்லில் விழுந்தது. எதிரணி சிரித்துவிட்டு, பழையபடி முன்னுக்கு வந்து நெருக்கியது.

"அக்கா, அவை பயப்பிடேல்லை. ஒருக்காப் பிடிச்சுக் காட்டவேணும். நீங்கள் ஓடுங்கோ."

"நானோ? எனக்குப் பிடிக்க வராது!"

"உங்கடை கைக்கே போடுறன். ஓடுங்கோ."

பந்தை வாங்குவதுபோல் பாசாங்கு செய்துவிட்டு, வெறுங்கையோடு எல்லாரையும் தாண்டி ஓடினேன். அண்ணாந்தேன்... பந்து சுழன்றபடி இறங்கி வந்தது. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பின்னால் ஒருத்தியும் இல்லை. நேரே எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்தேன்; புள்ளி எங்களுக்கு.

அதற்குப் பிறகு அவள் கையை ஓங்கினாலே போதும், இரண்டு பேர் பின்னுக்கு ஓடினார்கள். அவர்கள் விட்ட இடைவெளியில், பந்தை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு நான் ஓடினேன். அத்தனை நாளும் சுவராக நின்ற இடம்!

அன்று அவள் மறுபடி தூர எறியவேயில்லை. தேவைப்படவில்லை. வென்றோம்.

எல்லாரும் என்னைத்தான் கட்டிப்பிடித்தார்கள். நான் அவளைப் பார்த்தேன். "அவை ஓடின ஓட்டத்தைப் பாத்தனீங்களே அக்கா!" என்று விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது சனிக்கிழமை என்றால் மைதானம். இப்போது பிள்ளையின் தமிழ் வகுப்பு, லா சப்பேல் கடைகளில் மரக்கறி வாங்குவது, வீட்டுவேலை... அனுஜா பியர்ஃபித்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள்.

போன வாரம் ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவளையும் கணவரையும் கண்டேன். இந்தக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது! எழுந்து நின்று, கையை வளைத்து, எறிந்தே காட்டினேன். பக்கத்து மேசைக்காரரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் மனைவியைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "மெய்யாவோ?"

"ஓம்," என்றாள் அனுஜா, முகம் சிவந்து. "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."