விளக்கு கூடக் கூட இருட்டிய வீடு

வட துருவத்தை ஒட்டிய எங்கள் ஊரில் நவம்பர் கடைசியில் சூரியன் போனால் ஜனவரி பாதி தாண்டித்தான் திரும்பி வரும். அதற்காக யாரும் உட்கார்ந்து அழுவதில்லை. காபியைக் குடித்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரனைப் பற்றிப் பேசிக்கொண்டு காலத்தைத் தள்ளிவிடுவோம். ஒன்று மட்டும் உண்டு, தெருப் பக்கத்து ஜன்னல் விளக்கை இரவு பகல் எந்நேரமும் அணைக்க மாட்டோம். ஜன்னல் இருண்டு கிடந்தால் அந்த வீட்டில் எழவு என்று அர்த்தம். தூங்கப் போகும்போது அணைத்துவிடுகிற தெற்கத்திக்காரர்களை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐலிஃப் என் பக்கத்து வீட்டுக்காரன். நகராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டி ஓய்வு பெற்றவன். தங்கமான மனுஷன்தான், ஆனால் அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஒரு தடவை வண்டியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டு, பள்ளம் தப்பான இடத்தில் இருக்கிறது என்று நகராட்சிக்கே புகார் செய்தவன். அவன் மனைவி குன்வோர் என்னோடு பள்ளியில் படித்தவள். அவனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதற்கு அவளுக்குச் சிலை வைக்கலாம்.

அப்பேர்ப்பட்டவளே அக்டோபரில் ஒரு நாள் பொங்கிவிட்டாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"இந்தச் சமையலறையில ஒத்தை பல்பு. ஊசியில நூல் கோக்க முடியல. என்ன சாப்பிடுறோம்னு தெரியல. டிசம்பர் முதல் சனிக்கிழமைக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துட்டேன், ஐலிஃப். அதுக்குள்ள வெளிச்சம் வரலேன்னா தெற்கே பேர்கன்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். போனா வர மாட்டேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் ஐலிஃப் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"யோருன், நெஜமாவே போயிடுவாளா?"

"போவா. பேசாம எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு."

"இருக்கிற விளக்குல இருந்து இன்னொரு விளக்கு இழுக்கிறதுக்கு எலக்ட்ரீஷியனா? நாப்பது வருஷமா கிறிஸ்துமஸ் மரத்து சீரியல் செட்டை யாரு ரிப்பேர் பண்றது? நான்தானே!"

அவன் படித்த மின்சாரப் படிப்பு மொத்தமும் அந்த சீரியல் செட்தான். அதில் எப்படி ஒரு பல்பின் வாலில் அடுத்த பல்பு தொங்குகிறதோ, அதே மாதிரி சமையலறை விளக்குக்குப் போகிற ஒயரை வெட்டி, நடுவில் இன்னொரு பல்பை வைத்தான். சுவிட்சைப் போட்டான். இரண்டும் எரிந்தன, இரண்டும் அரைகுறையாக.

"முன்னாடி இருந்ததே பரவாயில்லையே" என்றாள் குன்வோர்.

"ரெண்டு பத்தலை. மூணாவது போட்டா பாரு."

மூன்றாவது போட்டான். மூன்றும் காய்ச்சல்காரன் கண் மாதிரி சிவந்தன. வேறு யாராக இருந்தாலும் அங்கே நிறுத்தியிருப்பான். ஐலிஃபுக்குக் கணக்கு தெளிவாக இருந்தது: இருட்டு கூடியிருக்கிறது, ஆகவே விளக்கும் கூட வேண்டும். நிலவறையில் பழைய குண்டு பல்புகள் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தான். புதுப் பல்புகள் மேல் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. நான்காவது, ஐந்தாவது என்று சுவரெல்லாம் ஏறி, கூடத்துக்குள்ளும் நுழைந்தான். எட்டாவது பல்பு வந்தபோது சமையலறையில் சுவிட்ச் எங்கே என்று கண்டுபிடிக்க நெற்றி விளக்கு வேண்டியிருந்தது.

நான் பொய் சொல்லவில்லை. காபி குடிக்கப் போன எனக்கு வாசலிலேயே ஒரு நெற்றி விளக்கைக் கொடுத்தார்கள், பனிச்சறுக்குக்குக் கட்டுவோமே, அது. மூன்று பேரும் நெற்றியில் விளக்கோடு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். பேசுகிறவரைத் திரும்பிப் பார்த்தால் கண் கூசியது. அதனால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் பேசினோம். கேக் என்று நினைத்து நான் பாத்திரம் துடைக்கிற துணியைக் கிள்ளினேன்.

"வெட்கமா இல்லையாடா உனக்கு?" என்றேன்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு, யோருன். ஒன்பதாவது போட்டா சரியாயிடும்" என்றான். கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னான். தலையெழுத்து, அவனைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்தது. அன்று காலையில்தான் அவன் தெருப் பக்கத்துக் கூடத்து ஜன்னலில் தொங்குகிற நட்சத்திர விளக்கையும் அந்தச் சங்கிலியில் சேர்த்திருந்தான். குன்வோர் கோட்டை மாட்டினாள். அவன் ஏணியிலிருந்து இறங்கவில்லை.

"அஞ்சு நிமிஷம் இரு. இதை மட்டும் போட்டுடறேன்."

"நல்லா இரு, ஐலிஃப்" என்றாள். அவ்வளவுதான்.

காலால் உந்தித் தள்ளுகிற சறுக்கு வண்டியில் அவள் பெட்டியை வைத்துத் துறைமுகத்துக்குத் தள்ளிப் போனேன். கப்பல் வந்து நின்றது, பெட்டியை ஏற்றினார்கள். படியில் கால் வைத்தவள், எத்தனை வைராக்கியம் இருந்தாலும் மனசு கேட்குமா, திரும்பி மேட்டில் இருந்த தன் வீட்டைப் பார்த்தாள்.

வீடு இருண்டு கிடந்தது. ஒரு புள்ளி வெளிச்சம் இல்லை. எதிர்வீட்டு ஓட்மாரின் கம்பத்தில் கொடி பாதியில் நின்றது. ஓட்மார் ஊரில் யார் செத்தாலும் முதல் ஆளாக அரைக்கம்பத்தில் கொடி ஏற்றுகிறவன்.

"ஐயோ, ஐலிஃப்!"

முட்டிவலிக்காரி அவள். என் கையிலிருந்த சறுக்கு வண்டியைப் பிடுங்கிக்கொண்டு மேட்டில் ஏறிய வேகத்தை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடினேன். வாசலில் மூன்று பெண்கள் துக்கம் கேட்க, எங்கள் ஊர் வழக்கப்படி கேக்கோடு நின்றார்கள். ஓட்மார் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்தான்.

உள்ளே ஏணி மேல் ஐலிஃப் நின்றான், நெற்றியில் விளக்கு, கையில் ஒரு பல்பு.

"வந்துட்டியா? அந்த மஞ்சள் ஒயரை எடு."

குன்வோர் அவன் காலைப் பிடித்து உலுக்கினாள். கையுறையோடு முழங்காலில் குத்தினாள்.

"செத்துட்டேன்னு நெனச்சேண்டா பாவி!"

"யாரு?"

"நீதான்!"

"நான் எங்க செத்தேன்? ஒரு பல்பைக் கழட்டினேன், எல்லாம் அணைஞ்சு போச்சு."

"நான் எதுக்கு வெளிச்சம் கேட்டேன்? உன் மூஞ்சியப் பார்க்கத்தான். ரெண்டு மாசமா உன் பூட்ஸைத்தான் பார்க்கறேன்!" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அந்த நேரம் பார்த்து ஓட்மார் உள்ளே வந்தான். "மன்னிக்கணும். ஏத்தின கொடியை என்ன பண்றது? அடக்கம் முடிஞ்ச பிறகுதான் உச்சிக்கு ஏத்தணும், அதுதான் முறை."

"அடக்கம் முடிஞ்சதுன்னே வச்சுக்கோ" என்றான் ஐலிஃப் மேலிருந்து.

ஓட்மார் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்று போய் உச்சிக்கு ஏற்றினான். வந்த பெண்கள் கேக்கைத் திருப்பி எடுத்துப் போவதா வைத்துவிட்டுப் போவதா என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்கள். ஐலிஃப் தன் துக்கத்துக்கு வந்த கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டு, பாதாம் கொஞ்சம் கம்மி என்றான். கப்பல் ஊதிக்கொண்டு கிளம்பியது. பெட்டி மட்டும் பேர்கனுக்குப் போனது.

"அடுத்த கப்பல்ல நானும் போவேன்" என்றாள் குன்வோர் மூக்கைச் சிந்திக்கொண்டு.

நான் யாரையும் கேட்கவில்லை, எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமை வந்தார். கூரையை ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"இதைப் போட்டது யாரு?"

"முன்னாடி குடியிருந்தவன்" என்றான் ஐலிஃப். அது அவன் அப்பா கட்டிய வீடு.

எலக்ட்ரீஷியன் ஒயரையெல்லாம் பிரித்து, ஒவ்வொரு விளக்குக்கும் முழு மின்சாரம் போகிற மாதிரி தனித்தனியாக இழுத்து, சுவிட்சைத் தட்டினார். அம்மாடி! அத்தனை பல்பும் ஒரே நேரத்தில். கூரை மூலையில் ஒட்டடை, அடுப்புக்குப் பின்னால் கரி, என் கோட்டில் மீன் கறை, ஒன்று தப்பவில்லை.

நடுவில் ஐலிஃப் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். குன்வோர் அவன் பக்கத்தில் போய்த் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவ்வளவு கிழவனா ஆயிட்டியா நீ?"

"நீ மட்டும் என்னவாம்?" என்றான் அவன்.

அவள் போனை எடுத்துத் தங்கைக்குப் போட்டாள்.

"பெட்டி வந்துடுச்சா? அதுல கம்பளிச் சட்டை நாலு இருக்கு. நீயே போட்டுக்கோ."