எனக்குப் பேச யாருமில்லை

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் குடியிருந்த சனம் கடவுளுக்குப் பயந்ததோ இல்லையோ, பிரபாலினிக்குப் பயந்தது. குப்பையைத் தப்பான வாளிக்குள் போட்டவன் எவன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். போட்டவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போட்டதை அவன் கையாலேயே திருப்பி எடுக்க வைப்பாள். வயது நாற்பத்துநான்கு. மனநல வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் முன்மேசை வேலை. வைத்தியரைச் சந்திக்க டெர்மின் என்று நேரம் கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் அவள் கையில். கொடுக்காமல் விடுவதில்தான் அவள் கைதேர்ந்தவள் என்று ஊரில் பகிடி.

அவளுக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. அதைக் கண்டவர்கள் குறைவு. கண்டவர்களையும் அவள் மறக்கப் பண்ணிவிடுவாள்.

ஜெர்மனிக்கு வந்த புதிதில், பள்ளிக்கூடத்துப் பையோடு அவள் இதே மாதிரி ஒரு கிளினிக்கில், அம்மாவுக்கும் டொக்டருக்கும் நடுவில் போட்ட கதிரையில் இருந்திருக்கிறாள். அம்மா நெஞ்சுக்குள் இருந்ததையெல்லாம் தமிழில் கொட்ட, சின்னப்பிள்ளை அதை ஜெர்மனில் பெயர்த்துச் சொன்னது. பிழைவிடாமல் சொன்னது. பிழைவிடாமல் சொல்ல, ஒரு சொல் விடாமல் கேட்க வேண்டியிருந்தது. அன்றைக்குப் பிறகு அம்மா பலநாள் மகளின் முகத்தைப் பார்க்காமல்தான் சோறு போட்டாள்.

இப்போதும் தமிழ் நோயாளிகள் பிள்ளைகளோடுதான் வந்தார்கள். அதனால் தமிழில் ஒரு மனநிலைக் கேள்வித்தாள் செய்வோம் என்று டொக்டர் பிராண்ட் சொன்னபோது பிரபாலினி முதல் ஆளாகத் தன் பெயரைக் கொடுத்தாள். தாள் சரியாக வந்தால் ஆட்கள் தனியே வந்து, தாங்களே வாசித்து, தாங்களே புள்ளடி போடலாம். வராவிட்டால் பழையபடி நடுவில் கதிரை.

ஏன் உனக்கு இவ்வளவு அக்கறை என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதில் வேறு.

"பிள்ளையள் வந்தால் பிஸ்கட் துகள் கொட்டுதுகள். ஆர் கூட்டுறது?"

மொழிபெயர்த்தது பாரத். சென்னைப் பெடியன், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. ஜெர்மனிலிருந்து அவன் தமிழாக்க, தமிழிலிருந்து ஸ்வர்ணா என்ற மதுரைக்காரி ஒருத்தி மூலத்தைப் பாராமலே திருப்பி ஜெர்மனாக்கினாள். இரண்டு ஜெர்மனும் இரட்டைப்பிள்ளைகள் மாதிரி ஒத்திருந்தன. பாரத்துக்குத் தலைகால் தெரியவில்லை.

"பெர்ஃபெக்டா வந்திருக்கு அக்கா. இது ஸ்டாண்டர்ட் தமிழ். எல்லாருக்கும் புரியும்."

"ஆரின்ரை ஸ்டாண்டர்ட்? நீரும் மதுரைக்காரியும் மாறிமாறி முதுகு சொறிஞ்சிருக்கிறியள்," என்றாள் பிரபாலினி. பதினைந்து கேள்விகளில் நாலைந்து சொல்லுக்கு அவனோடு மல்லுக்கட்டினாள். 'தூக்கம்' போய் 'நித்திரை' வந்தது. ஏழாம் கேள்வியில் மட்டும் அவள் கண் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. 'எனக்குப் பேச யாருமில்லை என்று உணர்ந்தேன்.' புத்தகத் தமிழ்தானே என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் கூத்து. தாளைச் சனத்திடம் கொண்டுபோய் ஒவ்வொரு கேள்வியாக வாசித்து, பதிலை வாங்கி, இந்தக் கேள்வியிலிருந்து உங்களுக்கு என்ன விளங்கியது என்றும் கேட்கவேண்டும். பிரபாலினி கதவு தட்ட, கதவுகள் அவள் மூக்கில் இடித்துச் சாத்துப்பட்டன. "விசர் ஆஸ்பத்திரிக்காரி வாறாள்," என்று உள்ளே குரல் கேட்கும். கடைக்காரக் குமாரசாமி, "எங்களுக்கு விசரெண்டு ஆர் உனக்குச் சொன்னது?" என்று மிளகாய்த்தூள் பைக்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். எறிந்துவிடுவாரோ என்று அவளே ஒரு அடி பின்னுக்குப் போனாள்.

சம்மதித்த சிலரில் தேனுஜா ஒருத்தி. கலியாணம் கட்டி வந்து இரண்டு வருசம். கண்ணுக்குக் கீழே கறுத்து, பாதி ஆளாகியிருந்தாள். நித்திரை இல்லை, பசி இல்லை, ஒன்றிலும் விருப்பம் இல்லை என்று எல்லாவற்றுக்கும் 'எல்லா நாளும்' சொன்னவள், ஏழாம் கேள்வியை வாசித்ததும் சிரித்துவிட்டாள்.

"எனக்குப் பேச யாருமில்லையோ? ஐயோ அக்கா, காலமை எழும்பினதிலையிருந்து மாமி பேசுறா. ஒருநாளும் இல்லையெண்டு போடுங்கோ."

பகிடி விடுகிறாள் என்று நினைத்து, பிரபாலினி அப்படியே புள்ளடி போட்டாள்.

வயது போன ஆண்களில் ஒருவர்கூட அகப்படவில்லை. கடைசியில் அகப்பட்டவர் அவளுடைய கீழ்வீட்டுப் பகையாளி.

சிவகுருநாதன் கம்பித் தொழிற்சாலையில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். பிரபாலினி படிக்கட்டைத் துடைத்தால் தண்ணீர் கூட என்று வீட்டு நிர்வாகத்துக்கு முறைப்பாடு போவது இவரிடமிருந்துதான். துடைக்காவிட்டால் தூசு என்றும் போகும். போன வருசம் அவருடைய மனைவி சிவமலர் செத்துப்போனா. அவ இருந்த காலத்தில், "இஞ்சேருங்கோ!" என்று ஒரு சத்தம் போட்டால் மூன்று மாடியிலும் ஆம்பிளைகள் திடுக்கிடுவார்கள். அவ போன பிறகு கட்டடம் அமைதியாயிற்று. சிவகுருநாதன் மட்டும் முன்னையைவிட நஞ்சாகிப்போனார்.

"வாரும். உந்தக் கண்டறியாத கேள்வியளைக் கேளும், பாப்பம்," என்று அடுப்படிப் பக்கம், குசினிக்குள் கூப்பிட்டார். அவளைப் பழிவாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று கணக்குப் போட்டிருக்கவேண்டும்.

"காரணமில்லாமல் மனம் சோர்ந்து போனதோ அண்ணை?"

"காரணம் மேல்வீட்டிலை இருக்கு. ஒருநாளும் இல்லை."

"நித்திரை கொள்ளக் கஷ்டமாக இருந்ததோ?"

"உம்மடை வாஷிங் மெஷின் நிண்டால் நல்லா வரும். ஒருநாளும் இல்லை."

"எதிலையும் விருப்பமில்லாமல் இருந்ததோ?"

"உமக்கெதிரா முறைப்பாடு எழுதுறதிலை விருப்பம் குறையேல்லை. போடும், ஒருநாளும் இல்லை."

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் ஏழாவதை வாசித்தாள். பழிக்குப் பழி பேசத் தயாராக நிமிர்ந்து பார்த்தாள். சிவகுருநாதன் மேசைவிரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லா நாளும்," என்றார்.

"என்னண்ணை?"

"காது கேக்காதோ? எல்லா நாளும் எண்டு போடும்."

விதிப்படி அவள் கேட்கவேண்டியதைக் கேட்டாள். "இந்தக் கேள்வியிலையிருந்து உங்களுக்கு என்ன விளங்கினது?"

"விளங்க என்ன கிடக்கு? அவ போனாப்பிறகு ஆர் எனக்குப் பேசினது? சப்பாத்தோடை குசினிக்குள்ளை வாறன், ஒரு சத்தமில்லை. மருந்துக் குளுசையை மறக்கிறன், ஒரு சத்தமில்லை. நேற்றுப் பின்னேரம் வரைக்கும் முகம் கழுவேல்லை. நீயெல்லாம் ஒரு மனுசனோ எண்டு கேக்க ஒரு நாய் இல்லை." பிறகு ஏதோ வாய்தவறிச் சொல்லிவிட்டவர்போலத் திடுக்கிட்டு, "முடிஞ்சுதோ? எழும்பும்!" என்று கத்தினார்.

பிரபாலினி படியில் பாதிதூரம் ஏறி நின்றுவிட்டாள். தேனுஜா விட்டது பகிடி இல்லை. சென்னையில் பேசுவது என்றால் கதைப்பது. யாழ்ப்பாணத்து வாயில் எனக்குப் பேசினார் என்றால் என்னை ஏசினார். தாளில் பார்த்த கண்ணுக்கு அது புத்தகத் தமிழ். காதில் விழுந்தால் வீட்டுத் தமிழ்.

அடுத்த கூட்டத்தில் பாரத் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தான். "ஏழாவது மட்டும் மத்ததோட ஒட்டவே மாட்டேங்குது. ரொம்ப மோசமா இருக்கிறவங்கல்லாம் அதுல ஜீரோ வாங்குறாங்க."

டொக்டர் பிராண்ட் பெருமூச்சு விட்டார். இதே தாளை லித்துவேனிய மொழியில் செய்தபோது களஞ்சியத் தொழிலாளர்கள் எல்லோரும் ஒழுங்காக நிரப்பித் தந்தார்களாம். உங்கள் ஆட்களுக்கு என்ன வந்தது என்று பிரபாலினியைப் பார்த்துக் கேட்டார்.

"ஆக்களுக்கு ஒண்டுமில்லை. சொல்லுக்குத்தான் சுகமில்லை," என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு, அவள் பாரத்திடம் விளக்கினாள்.

"பேசுறதுன்னா திட்டுறதா? அக்கா, கலாய்க்காதீங்க."

"இப்ப நான் உம்மோடை செய்யிறது கதைக்கிறது. இனி உமக்குச் செய்யப்போறது பேசுறது. வித்தியாசத்தை வடிவாப் பாரும்." மூச்சு விடாமல் அவனுடைய படிப்பு, தலைமயிர், அவன் மேசையில் வைத்துவிட்டுப்போன பழைய கோப்பிக் கோப்பைகள் எல்லாவற்றையும் இழுத்துப் பேசினாள். டொக்டருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் வித்தியாசம் விளங்கிவிட்டது.

பாரத்தின் காது சிவந்தது. "மாத்தினா எல்லாரையும் முதல்லேருந்து கேக்கணும். என் சப்மிஷன் தள்ளிப்போகும். உங்களுக்கு என்ன போச்சு?"

அவளுக்கு என்ன போகும் என்று அவனுக்குத் தெரியாது. 'பேச' போய் 'கதைக்க' வந்தால் தேனுஜா அகப்படுவாள், சிவகுருநாதன் நழுவுவார். பதினைந்து கேள்வியில் அந்த மனுசன் உண்மை சொன்னது அந்தப் பிழையான ஒன்றுக்குத்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த ஒரு புள்ளடியாவது மிஞ்சும். ஆனால் நாள் முழுக்க ஏச்சு வாங்கும் ஒருத்தியைத் தாள் சுகதேகி என்று சொல்லும். அப்படிப் பொய் சொல்லும் தாளுக்கு, பழைய கதிரையே பரவாயில்லை.

"மாத்தும்," என்றாள்.

மாற்றினார்கள். 'மனம்விட்டுக் கதைக்க எனக்கு ஒருவரும் இல்லை.' அவள் மறுபடியும் கதவு கதவாக ஏறி இறங்கினாள். தேனுஜா இந்தமுறை சிரிக்கவில்லை; விரலை 'எல்லா நாளும்' என்பதில் வைத்துவிட்டு நெடுநேரம் எடுக்காமல் இருந்தாள். பிரபாலினி அடுத்த வாரத்துக்கே அவளுக்கு டெர்மின் போட்டாள். கொஞ்ச நாளில் பாரத் போன் எடுத்தான். "ஒட்டுது அக்கா. இன்னும் ஒருத்தர்தான் பாக்கி. முடிச்சா டாக்டர் கையெழுத்துப் போடுறாங்க," என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னான்.

பாக்கி சிவகுருநாதன்.

"கதைக்க ஆளில்லையோ? பேக்கரிக்காரியோடை கதைக்கிறன். பஸ் டிரைவரோடை சண்டை பிடிக்கிறன். இப்ப உம்மோடை கதைச்சு என்ரை நேரம் நாசமாப்போகுது. ஒருநாளும் இல்லை."

"போனமுறை எல்லா நாளும் எண்டனீங்கள்."

"போனமுறை நீர் வேறை கேட்டனீர்."

கூட்டிப் பார்த்தாள். பூச்சியம். தாள் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. பூச்சியம் எடுத்தவருக்கு டெர்மின் இல்லை. அது டொக்டரின் சட்டம். அவள் பேனையை மூடிக்கொண்டு எழும்பினாள். யன்னலோரம் கிழமை நாட்கள் எழுதிய குளுசைப் பெட்டி இருந்தது. திங்களிலிருந்து ஒரு மூடி திறக்கப்படவில்லை. அடுப்பில் சட்டி ஒன்று காய்ந்து வெடித்திருந்தது. மனுசனின் சேட்டில் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது.

பிரபாலினிக்கு அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"இஞ்சை பாருங்கோ! இது என்ன குசினியோ, மாட்டுக்கொட்டிலோ? குளுசையை ஆருக்கு வைச்சிருக்கிறியள், புதைக்க வாற ஐயருக்கோ? சேட்டை ஒழுங்காப் பூட்டத் தெரியாது, எனக்கெதிரா முறைப்பாடு எழுதத் தெரியுது! கோதாரி, எழும்பி முகத்தைக் கழுவுங்கோ!"

மேலே எங்கோ ஒரு கதவு திறந்தது. சிவகுருநாதன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். பிறகு நெஞ்சு நிறைய மூச்செடுத்தார்.

"ஐயர் புதைக்கிறேல்லை, எரிக்கிறவை! அதுவும் தெரியாது! ஆரடி நீ எனக்குப் பேச?"

"பேசுவன்! நாளைக்கும் பேசுவன்! முதல்லை குளுசையைப் போடுங்கோ!"

அவர் பெட்டியை எட்டி எடுத்து, மூடியைக் கிளப்பி, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கி, விழுங்கிவிட்டேன் என்று நாக்கை நீட்டிக் காட்டினார். அதைப் போன்ற அவமரியாதையை அவள் அந்தக் கட்டடத்தில் கண்டதில்லை.

"காலமை எட்டரைக்குக் கிளினிக்குக்கு வாறியள்."

"உம்மடை தாளிலை எனக்கு ஒண்டுமில்லை."

"தாளைப் பற்றி நான் கேக்கேல்லை. கிளினிக் முன்மேசையிலை இருக்கிறது நான்."

"வரமாட்டன்!"

கதவு அவள் முதுகில் இடித்துச் சாத்துப்பட்டது.

காலையில் எட்டு மணிக்கே அவர் வந்துவிட்டார். தனியே வந்தார். முகம் சவரம் செய்து, கோட்டுப் போட்டு, சண்டைக்குப் போகிறவர் மாதிரி.

"எட்டரை எண்டால் எட்டரை. உங்களுக்கு நேரம் பாக்கத் தெரியாதோ?" என்றாள் பிரபாலினி, தலை நிமிராமல். "உதிலை குந்துங்கோ. சப்பாத்தைத் துடைச்சனீங்களோ?"

"துடைக்கேல்லை," என்றார் சிவகுருநாதன் வலு சந்தோசமாக. குந்தி, காலை நீட்டி, அவள் பார்க்கும்வரை காத்திருந்தார்.