சொன்னாராம் சாரின் பதிவேடு

இடது கையின் இரண்டு விரல்களால் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, வலது கையால் சிவப்பு மசியில் கோடு இழுப்பார். கோடு முடிந்ததும் ஸ்கேலின் விளிம்பைத் துணியால் துடைப்பார். மசி இழுபடக் கூடாதாம். காலை ஏழு மணிக்குப் பதிவேட்டில் கட்டம் போட உட்கார்ந்தால் ஏழரை வரை அதுதான் வேலை. அதே நேரத்தில் அவருக்குப் பின்னால் பதினாறு கட்டில்களில் கிடப்பவர்களை நாங்கள் ஐந்து பேர் திருப்பி, துடைத்து, உடை மாற்றிக்கொண்டிருப்போம். அவருடைய கைகள் மட்டும் அங்கே ஒரு நாளும் ஈரமானதில்லை.

எங்கள் முதியோர் இல்லத்தில் அவர்தான் குறிப்பு எழுத்தர். படுத்திருப்பவர்களின் பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில் இருந்தார்கள். அப்பா என்ன சொன்னார், அம்மா என்ன கேட்டார் என்று அன்றாடம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வேண்டும். பணிப்பெண்கள் வந்து வாயால் சொல்வார்கள், அவர் எழுதுவார். 'அவர் சொன்னார்', 'அவர் சொன்னார்' என்றே பக்கம் பக்கமாகப் போகும். நாங்கள் வைத்த பெயர் சொன்னாராம் சார்.

முப்பது வருடம் தனிப்பயிற்சிக் கூடத்தில் ஆங்கில இலக்கணம் நடத்தியவர். ஒருவர் பேசியதை இன்னொருவர் எடுத்துச் சொல்வது எப்படி என்று ஒரு கையேடும் போட்டார், மூன்று பதிப்பு. மூன்றும் தங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருப்பதாக அவர் மனைவி சொன்னார். அந்த அம்மா மகள் வீட்டோடு போய்விட்டவர். ஒரு முறை வீட்டுச் சாவி கொடுக்க வந்தபோது என்னிடம் சொன்னார்: "நாப்பது வருஷம் இவரோட பேசியிருக்கேன். ஒரு வார்த்தைகூட நான் சொன்னபடி வெளிய போனதில்ல."

எங்களுக்கும் பாடம் நடந்தது. கேட்டோமா என்ன?

"இப்ப ஒருத்தர் 'என்னால முடியும்'னு சொல்றார். அது இங்கிலீஷ்ல கேன். நாம அதை எடுத்துச் சொல்லும்போது ஒரு படி கீழ இறங்கி குட் ஆகும். வில் இறங்கி வுட். மே இறங்கி மைட். மஸ்ட் வந்தா ஹேட் டு போடலாம். குட், மைட், ஷுட் எல்லாம் ஏற்கெனவே இறங்கினது, அதைத் தொடக் கூடாது."

"ஏன் சார் இறங்கணும்?" என்று கேட்டாள் நெட்டை. எங்களில் உயரமானவள், தனியாளாகவே ஒருவரைத் தூக்கி உட்கார வைத்துவிடுவாள்.

"சொன்ன நேரம் போயிடுச்சில்ல? அதனால."

"சரி சார். நாலாம் கட்டில் அம்மா என்னைப் பார்த்து, 'சனியனே, அந்த ஊசியைத் தூக்கிட்டு ஓடிப் போயிடு'ன்னாங்க. இதுல எது இறங்கும்?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஊசியைத் தவிர்க்க முடியுமா என்று அந்த அம்மையார் வினவியதாக எழுதி, மசி காயும்வரை ஊதினார். அதைப் படித்த மகன், அம்மா எவ்வளவு பக்குவமாகிவிட்டார் என்று மகிழ்ந்து பதில் போட்டானாம். மேலாளர் மேடம் அந்தப் பதிலைச் சட்டம் போடாத குறையாக எல்லாரிடமும் காட்டினார்.

அந்த நாலாம் கட்டில் அம்மா தையல்காரர். ஊருக்கே ரவிக்கை தைத்தவர். இடுப்பெலும்பு தேய்ந்து எங்களிடம் வந்தவர். வாய் கத்தரி மாதிரி.

எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிற்க முடியவில்லை என்று பதிவேட்டில் ஏறினால்தான் மேடம் கட்டிலில் மாட்டச் சிவப்பு அட்டை தருவார். அட்டை தொங்கினால் தடுப்புக் கம்பியை ஏற்ற வேண்டும், இரண்டு பேர் சேர்ந்துதான் எழுப்ப வேண்டும். பதிவேட்டில் ஏறாவிட்டால் எதுவும் கிடையாது. யாரும் வாயால் சொன்னதை அங்கே மதிப்பதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குத் தையல்காரம்மா, "கால் மரத்துக் கிடக்குடி, நிக்க முடியல" என்றார். நெட்டை நேராக மேசைக்குப் போய்ச் சொன்னாள். சார் தலை நிமிராமல், "ம்" என்றார். பணிப்பெண்களில் மூத்தவளான என்னிடமும் அவள் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எழுதச் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று எங்களைப் பழக்கிவைத்திருந்தார்கள்.

மூன்று மணிக்கு நெட்டையை ஒன்பதாம் கட்டிலுக்கு விரிப்பு மாற்ற அனுப்பியது நான்தான். தையல்காரம்மா தானாக எழுந்து கழிவறைக்குக் கிளம்பி, இரண்டாவது அடியில் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்தோம். மேடம் அறைக்கு எங்களை அழைத்தபோது நாலேகால்.

பதிவேடு மேசையில் விரித்திருந்தது. ஒன்பது மணிக் கட்டத்தில், கழிவறைவரை தம்மால் தனியே நடக்க முடியும் என்று அம்மையார் தெரிவித்ததாக அழகான கையெழுத்தில் இருந்ததை மேடம் வாசித்துச் சொன்னார்.

"நான் சொன்னேன் மேடம்," என்றாள் நெட்டை. "நிக்க முடியலன்னு அவங்க சொன்னதை அப்படியே சார்கிட்ட சொன்னேன்."

"எனக்கு ஞாபகம் இல்லை," என்றார் சார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

"எழுத்துல இருக்கறதுதான் எனக்கு," என்றார் மேடம். "நாளையில இருந்து நீ வர வேண்டாம்மா."

இந்த வேலையில் விழவிட்டவள் என்று பெயர் வந்தால் போதும். வேறெந்த இல்லத்திலும் வாசலைத் தாண்ட விட மாட்டார்கள். எனக்கு நாற்பது வருடமாகத் தெரிந்த விஷயம் அது.

பதிவேட்டை என் பக்கம் திருப்பினேன். எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. மணி பார்க்க வரும்.

"மேடம், இப்ப மணி என்ன?"

"நாலேகால். எதுக்குக் கேக்கறீங்க?"

"இதுல ஆறு மணிக்கு யார் யார் என்ன சொன்னாங்கன்னு எழுதியிருக்கே."

மேடம் குனிந்தார். பதினாறு கட்டிலுக்கும் மாலை ஆறு மணிவரை நிரம்பியிருந்தது. ஒரு கட்டம்கூடப் பாக்கியில்லை.

"பதினொண்ணாம் கட்டில்ல என்ன போட்டிருக்கு, வாசிங்க."

மேடம் வாசித்தார். ஆறு மணிக்குத் தமக்குச் சூப் வேண்டும் என்று ஓய்வுபெற்ற தபால்காரர் கூறினாராம்.

"அவரைக் காலைல பத்தரைக்கே மகன் வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயாச்சு. எந்த வாயால கேட்டார் சூப்பு?"

சாருக்கு அப்போதும் வெட்கம் வரவில்லை. "தினமும் எல்லாரும் அதையேதானேம்மா சொல்றாங்க? காலையிலேயே எழுதிட்டா நேரம் மிச்சம்."

"மிச்சமான நேரத்துல என்ன பண்றீங்க?"

"நாலாம் பதிப்பு தயாராயிட்டிருக்கு," என்றார். பிறகு மேடத்தைப் பார்த்து, "மொழியில ஒரு பிழை காட்டுங்க, பார்க்கலாம்" என்றார்.

மேடம் தேடிப் பார்த்தும் பிழை அகப்படவில்லை. இறங்க வேண்டிய சொல்லெல்லாம் ஒழுங்காக இறங்கியிருந்தன. யாருமே பேசாத பேச்சுக்கு அவ்வளவு இலக்கணம்!

மேடமும் லேசுப்பட்டவரல்ல. இரண்டு வருடமாக ஒரு பக்கம்கூடப் படிக்காமல் படமெடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பியவர். பதிவேட்டை மூடினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. அம்மாவோட மகனுக்கு ஒரு கடிதம் போகணும். சாரே எழுதட்டும். மகன் சமாதானமானா இந்தப் பொண்ணு இருக்கட்டும்."

எழுதாமல் விட்டவனே எழுத வேண்டுமாம்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சார் கடிதத்தோடு வந்தார். தமிழில் சொல்லுங்கள் என்றேன். தவறுதல் நேர்ந்திருக்கக்கூடும், கவனித்திருந்தால் தவிர்த்திருக்க இயலும், பணிப்பெண்ணுக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். முழுக் கடிதத்திலும் ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கடைசியில் பழி நெட்டையின் தலையில் போய் உட்கார்ந்தது. அதில் அவர் கெட்டிக்காரர்தான்.

நான் கடிதத்தை வாங்கி மருந்து அலமாரிமேல் வைத்தேன். மகனின் எண்ணைப் போட்டு, மாவுக்கட்டோடு முந்தின நாள் மாலையே திரும்பி வந்திருந்த தையல்காரம்மாவின் காதில் போனை வைத்தேன்.

"டேய், கீழ விழுந்துட்டேன்," என்றார் அவர். "கை போச்சு. இந்த நெட்டச்சி காலைலயே போய்ச் சொன்னா, என் காதால கேட்டேன். அந்தக் கண்ணாடிக்காரன் எழுதல. என்னது, பக்குவமா? எனக்கா? எந்தப் படுபாவிடா அப்படிச் சொன்னது?"

மேடம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போனிலிருந்து மகன் குரல், "அந்தப் பொண்ணுகிட்ட குடும்மா" என்றது. நெட்டை வாங்கினாள். "ம்... சரிங்க சார்... நான்தான் பார்த்துக்கறேன்" என்றாள். மேடம் அவளைப் பார்த்து, "நீ போய் வேலையைப் பாரும்மா" என்றார். சாரைத் தம் அறைக்கு வரச் சொல்லிவிட்டு நடந்தார்.

தையல்காரம்மாவின் முதுகு வியர்த்திருந்தது. நானும் நெட்டையும் இரண்டு பக்கமும் பிடித்து, கட்டுப்போட்ட கையை மேலே வைத்து, அவரை வலப்பக்கமாகத் திருப்பித் துடைத்தோம்.